சிப்பிமேட்டின் மூன்றாவது கூட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குச் சிப்பிமேட்டு உப்புக் கிட்டங்கியில் இருந்தவர்கள் வருமாறு. மேற்குச் சுவரை ஒட்டி, அடுக்கிய சாக்குகளின்மேல், உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் வேதமுத்துவும் அவரோடு இருபத்தாறு பேரும். நேர் எதிரே, கிழக்கில், தரையில் பாய் விரித்து, சொந்தமாக இரண்டு மூன்று பாத்தி வைத்திருக்கிற சின்ன அளத்துக்காரர்கள் பத்தொன்பது பேர். அவர்களுக்கு முன்னால் கொம்பையா. நடுத்தூணைச் சுற்றிப் பெண்கள், முப்பத்தொன்று. வாரியத்து அதிகாரி, அவருக்கென்று ஜீப்பில் வந்த மடக்கு நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. சங்கரவடிவு, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல், எல்லார் முகமும் தெரிகிற மாதிரி வடக்கு மூலையில். வாசலுக்கு வலப்பக்கம், ஓடாத பழைய தராசை ஒட்டி, ஒருவருமில்லை.

'ஒருவருமில்லை' என்று நோட்டில் எழுதியவள், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதிக்கொள்வது அவள் வழக்கம். பேசியதை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், அப்படிச் சொல்லவில்லை என்று சாதிக்கலாம். உட்கார்ந்த இடம் மட்டும் பொய் சொல்லாது என்பது சமூகவியல் படித்த காலத்திலிருந்து அவள் பிடிவாதம். தேச வளர்ச்சி வாரியத்தின் கள ஆய்வாளராகப் பதினொரு மாதம் இந்த ஊரில் தங்கியிருந்தபோது, இப்படி இருபத்திரண்டு கூட்டங்களை எழுதியிருந்தாள். ஊர்க்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் நோட்டுக்காரம்மா. ஆய்வு முடிந்து அவள் ஊரைவிட்டுப் போய் ஆறு மாதமாகிறது. இன்று பார்வையாளராக மட்டும் வந்திருந்தாள்.

கூட்டம் எதற்கென்றால், சிப்பிமேட்டு உப்பளம் முழுவதையும் எடுத்து, கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கிற ஆலை கட்ட வாரியம் திட்டம் போட்டிருந்தது. முந்தைய காலமாக இருந்தால் நிலத்தை எடுத்துவிட்டு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். இப்போது முன்கேள்விச் சட்டம் இருக்கிறது. எந்தத் திட்டமானாலும் முதலில் ஒரு சமூகவியலாளர் அந்த ஊரில் தங்கி ஆராய வேண்டும். பிறகு ஊரைக் கேட்க வேண்டும். ஊர் கூடி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரே தீர்மானமாக எழுதிக் கொடுத்தால் வாரியம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். மூன்று கூட்டம் போட்டும் தீர்மானம் எழுதவில்லையென்றால், ஊருக்கு ஒரே மனசு இல்லை என்று எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கலாம். மூன்றில் இரண்டு பங்கு போதும். அந்த விதி எழுதப்பட்ட நாளில் நியாயமாகத்தான் பட்டது. எழுதிய நாலு பேரில் சங்கரவடிவும் ஒருத்தி.

முதல் கூட்டம் தீர்மானமில்லாமல் கலைந்திருந்தது. இது இரண்டாவது.

"போகமாட்டோம்னு ஒத்த வரி எழுதிக் குடுத்திருவோம். இதுல என்ன யோசனை?" என்றார் வேதமுத்து.

"எழுதலாம்யா. அடுத்த வருசம் வேற சட்டம் கொண்டாந்து சும்மா தூக்குவான். அப்ப ஒஞ் சங்கம் வந்து மறிக்குமாக்கும்?" கொம்பையா பாயை விட்டு அசையவில்லை. "பாத்திக்குப் பாத்தி வேற எடத்துல குடு, அப்பத்தான் போவோம்னு எழுதணும். குடுக்க மாட்டான். அதுவும் வேண்டாம்னு சொன்ன மாதிரிதான்."

"ஒமக்குப் பாத்தி இருக்கு அண்ணாச்சி, பாத்திக்குப் பாத்தி கேப்பீரு. கூலிக்காரன் எதைக் காட்டி எதைக் கேப்பான்? கொப்புளத்தைக் காட்டியா?"

"சங்கம் ஆரம்பிச்சு இருவது வருசத்துல அந்தக் காலுக்கு ஒரு பூட்ஸு வாங்கிக் குடுத்தியாடே நீ?"

"ஏன், ஒம்ம வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிக் குடுக்கத்தான் நெனச்சோம். சங்கத்துல துட்டு பத்தல."

தூணருகே இருந்த எஸ்தர் எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "பூட்ஸுக்கும் பூட்டுக்குமா ரெண்டு பேரும் எங்களை அடுப்பை அணைச்சுட்டு வரச் சொன்னிய?"

சிரிப்பு எழுந்து அடங்கியது. அடங்கியபோது ஒரு நிமிடம் நல்ல அமைதி. "போகமாட்டோம்னே எழுதுவோம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். கொம்பையா மறுக்கவில்லை, தாடையைச் சொறிந்துகொண்டார். முடியப்போகிற கூட்டத்தின் அமைதி அது என்று சங்கரவடிவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் கண்களும், எதற்கென்று தெரியாமலே, வாசல் பக்கம் போயின. தராசருகே யாருமில்லை. கண்கள் திரும்பி வந்தன. யாரோ இருமினார்கள். வேதமுத்து ஏதோ விட்டுப்போன மாதிரி, "அதுல ஒரு விசயம் என்னன்னா..." என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இப்படியே நாலு முறை. நாலாவது முறைக்குப் பிறகு பேச்சு தடித்து, ஒருவரையொருவர் அப்பன் பெயரைச் சொல்லித் திட்டி, ஆட்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். வாரியத்து அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "இரண்டாவது கூட்டமும் தீர்மானமின்றி முடிந்தது" என்று எழுதி, நாற்காலியை மடக்கினார். அவர் முகத்தில் வருத்தமுமில்லை, சந்தோஷமுமில்லை. நேரத்துக்கு வந்த ரயிலைப் பார்க்கிற முகம்.

சங்கரவடிவு எஸ்தரை வாசலில் பிடித்தாள். "சந்தனமாரியக்கா எங்க?"

"மாரிக்காவா? கோயம்புத்தூர்ல இருக்காவ. அத்தானுக்குக் கண்ணு ஆப்பரேசன். உப்பு வெளிச்சத்துலயே கெடந்து ரெண்டு கண்ணும் பூத்துப்போச்சுல்லா? ஒங்க வாரியத்துலதான் பாக்காவ. ஆறு மாசத்துக்கு ரூமு, சாப்பாடு, எல்லாம் சும்மா. குலுக்கல்ல பேரு விழுந்துச்சாம். ஊர்ல அம்பது பேருக்குக் கண்ணு அவிஞ்சு கெடக்கு, யோகம் அவுகளுக்கு அடிச்சிருக்கு."

"எப்பப் போனாங்க?"

எஸ்தர் விரல் விட்டு எண்ணினாள். "மொதக் கூட்டத்துக்கு நாலு நாளு முந்தி. ஏன் மேடம், மொகம் இப்படி வெளுத்துப்போச்சு? வாங்க, கடுங்காப்பி போடுதேன்."

"இல்ல எஸ்தர். பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு சங்கரவடிவு நடந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

சந்தனமாரி கூட்டங்களில் பேசவே மாட்டாள். ஐம்பது வயது இருக்கும். உப்பு வாருகிறவள். தராசருகே ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காருவாள், கேட்டுக்கொண்டே இருப்பாள். பேச்சு சுற்றிச் சுற்றி ஓரிடத்தில் வந்து நிற்கும்போது எழுந்து, சாக்கை ஒரு உதறு உதறி, மடித்து அக்குளில் வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். உடனே யாராவது "அப்பச் சரி" என்பார்கள், எல்லாரும் எழுந்துவிடுவார்கள். கடைசியாக என்ன சொல்லப்பட்டதோ அதுவே ஊர் முடிவு. சந்தனமாரிதான் கூட்டத்தை முடிக்கிறாள் என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். சந்தனமாரியே நம்பமாட்டாள். "பேச்சு முடிஞ்சுது, எந்திரிச்சோம்" என்பார்கள். சங்கரவடிவுக்கே ஏழாவது கூட்டத்தில்தான் சந்தேகம் தட்டியது. பிறகு பதினைந்து கூட்டம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து உறுதி செய்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, புது நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவன் சந்தோஷம். நோட்டின் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் 'முடித்துவைப்பவர்' என்று தலைப்புப் போட்டு, இரண்டு கோடு அடித்து, முழுப்பக்கம் எழுதினாள். எல்லாப் பக்கங்களையும் போல அதையும் வாரியத்துக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மதுரை அலுவலகத்தில் இஸ்மாயிலின் அறைக்குப் போனாள். இஸ்மாயில்தான் வாரியத்தின் கணினிக்குள் இருக்கிற நிழலூரைப் பராமரிக்கிற பொறியாளர். அவள் கதவைச் சாத்தியதைப் பார்த்ததுமே அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"சிப்பிமேட்டைத் திற இஸ்மாயில்."

"மேடம், அது இப்ப மூடின ஃபைல்."

"என் நோட்டுலருந்து கட்டின ஊரு. எனக்கே மூடினதா?"

அவன் விசைப்பலகையை முன்னால் இழுத்தான். பிறகு திறந்தான். திரையில் படம் ஒன்றும் இல்லை. பெயர்களும் எண்களும் மட்டும். நூற்றுப்பன்னிரண்டு வீடு, நானூற்று ஆறு பேர். ஊரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இயந்திரத்துக்குள் ஒரு நிழல். யாருக்கு யார் உறவு, யாரோடு யாருக்குப் பேச்சில்லை, யார் சொன்னால் யார் கேட்பார், யாருக்கு எதில் பயம் என்று சங்கரவடிவு எழுதிய அத்தனையும் அந்த நிழல்களுக்குள் இருந்தது. வாரியம் இலவசமாகக் கொடுத்த போன்கள் மணிக்கொரு முறை புதுச் சேதி கொண்டுவந்து சேர்த்தன. ஒரு கேள்வியைப் போட்டால், அந்த நிழலூரைப் பத்தாயிரம் தடவை ஓடவிட்டுப் பார்த்து, அசல் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடும். கிளினிக்கைக் கோயில் பக்கம் கட்டினால் யார் வரமாட்டார்கள், குழாயை எந்தத் தெருவில் போட்டால் சண்டை வராது என்றெல்லாம் கேட்கத்தான் அது உண்டாக்கப்பட்டது. அப்படித்தான் அவளிடம் சொன்னார்கள். அப்படித்தான் அவளும் ஊரில் சொன்னாள்.

"ஒண்ணுலருந்து நாப்பது வரைக்கும் நீங்க போட்ட கேள்வி" என்றான் இஸ்மாயில். "நாப்பத்தொண்ணு மேலருந்து வந்தது."

"வாசி."

"'மூன்று கூட்டங்களிலும் தீர்மானம் எட்டப்படாமல் இருக்க, குறைந்தபட்சம் எத்தனை பேர் ஊரில் இல்லாமல் இருக்க வேண்டும்?'"

"பதில்?"

"ஒண்ணு."

இஸ்மாயில் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"நான் வேதமுத்துன்னுதான் நெனச்சேன் மேடம். முதல்ல அவரைத்தான் எடுத்துப் பார்த்தோம். அவர் இல்லேன்னா ஊரு அரை மணி நேரத்துல முடிவு பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருது." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கொம்பையாவை எடுத்தாலும் அப்படித்தான். ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்தா இன்னும் சீக்கிரம். அப்புறம் உங்க நூத்தி நாப்பத்து மூணாம் பக்கத்தை ஏத்தினோம்."

"யார் ஏத்தச் சொன்னது?"

இஸ்மாயில் மேலே, கூரையைப் பார்த்தான். மேல்மாடியில் தயாபரனின் அறை.

தயாபரன் மண்டல இயக்குநர். அதற்கு முன்னால் அவன் சங்கரவடிவின் வகுப்புத் தோழன். இருவரும் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பல்கலைக்கழகத்தில் ஒரே புத்தகத்தை இருவராக வாங்கிப் படித்தவர்கள். அவள் அப்பா செத்தபோது மூன்று நாள் கூடவே இருந்து, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டவன். முன்கேள்விச் சட்டத்தின் முதல் வரைவை எழுதியது இவர்கள் இரண்டு பேரும்தான், கேன்டீன் மேஜையில், சாம்பார் கறை படிந்த தாளில்.

"உக்காரு வடிவு. காபி சொல்லட்டுமா?"

"நூத்தி நாப்பத்து மூணாம் பக்கம்" என்றாள் அவள், நின்றபடியே.

என்ன பக்கம் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு நிமிடமாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஒரு மனுஷனுக்குக் கண் தெரியப்போகுது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"குலுக்கல்னு சொன்னீங்களாமே."

"குலுக்கினோம்." கண்ணாடியை மேஜைமேல் வைத்தான். "பேர் ஒண்ணுதான் போட்டோம்."

"இதைச் சொல்ல உனக்கு வெக்கமா இல்லையா தயா?"

"எதுக்கு வெக்கப்படணும்? நம்ம தாத்தன் காலத்துல இதே நிலத்தை எடுக்க லாரி லாரியா போலீஸ் வரும். தடியடி நடக்கும். நாலு பேர் செத்திருப்பான், நானூறு பேர் மேல கேஸ் இருக்கும். இன்னைக்கு? ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒரு கண் ஆபரேஷன். பதினாலு லட்சம் வீட்டுக்குக் கரண்ட். இதைவிட மனிதாபிமானமா ஒரு நாடு எப்படி வளரும், நீயே சொல்லு."

"அவங்களைக் கேட்டு வளரணும்னுதானே சட்டம் எழுதினோம்?"

"கேட்டோமே. மூணு தடவை கேக்கறோம். அவங்களால பதில் சொல்ல முடியலை."

"சொல்ல முடியாம பண்ணிட்டு!"

அவன் எழுந்து ஜன்னலருகே போனான். "இருபது மார்க் கேள்வி ஞாபகம் இருக்கா? 'ஒரு தேசத்தின் வளர்ச்சியில் சமூகவியலின் பங்கு.' நீ பதினெட்டு, நான் பதினொண்ணு. உன் பேப்பரைப் பிடுங்கிப் படிச்சேன். 'மக்களை அறியாமல் மக்களுக்கு நல்லது செய்ய முடியாது'ன்னு முதல் வரி. சமூகவியலை ஒருத்தனும் மதிக்கலை, இன்ஜினியரைத்தான் கேக்கறான், டாக்டரைத்தான் கேக்கறான்னு வருஷக்கணக்கா அழுத நீ. இப்ப கேட்டாங்க வடிவு. உன் நோட்டைத்தான் முதல்ல கேட்டாங்க. ஆயிரம் கோடி ரூபா மெஷின், உன் ஒரு பக்கத்தை வச்சுத்தான் ஜெயிச்சுது. நீ சந்தோஷப்படணும்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்தப் பக்கத்தை எழுதிய அன்று தான் சந்தோஷப்பட்டது உண்மை என்பதுதான் அவளுக்கு வலித்தது. வாசலில் வைத்து எஸ்தர் ஒருநாள் கேட்டிருக்கிறாள்: "இம்புட்டையும் எழுதிக்கிட்டுப் போறியளே மேடம், இது எங்க போவும்?" "நல்லதுக்குத்தான் போகும்" என்று சொன்னது இவள் வாய்.

"நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள்.

"தெரியும். முன்கேள்வி ஆணையத் தலைவருக்குக் கடிதம் எழுதுவ."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஏளனம் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி இருந்தது. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது.

"நானும் அதுக்குள்ள இருக்கேனா?"

தயாபரன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். பழைய சிநேகிதத்துக்கு அவன் கொடுத்த மரியாதை அதுவாக இருக்கலாம்.

'நிழல் எண் 407. கள ஆய்வாளர். உண்மையை மூன்றாவது கூட்டத்துக்கு முன்பே அறிவார். ஆணையத் தலைவருக்கு, உரிய வழியில், ஆதாரங்களுடன் கடிதம் எழுதுவார். பதிலுக்குக் காத்திருப்பார். (பதில் வரச் சராசரி 45 நாள்.) ஊருக்குச் சொல்ல மாட்டார், காரணம், தன் குறிப்பேடே இதற்குப் பயன்பட்டது என்று அறிந்தால் ஊர் தன்னை வெறுக்கும் என்ற அச்சம். பத்தாயிரம் ஓட்டங்களில் 9,788.'

கீழே தேதி. அவள் சிப்பிமேட்டுக்கு அனுப்பப்படுவதற்கு இரண்டு வாரம் முந்திய தேதி; ஊரைப் பற்றி வாரியத்திடம் வெறும் ஆள்கணக்கு மட்டும் இருந்த நாள்.

"என்னை அதுக்காகத்தான் அனுப்பினியா?"

"திறமைக்காகவும்தான்."

அவள் தாளை மறுபடி பார்த்தாள். கணக்கு அவளுக்குத் தானாக ஓடியது. "மீதி இருநூத்திப் பன்னெண்டு?"

"அதெல்லாம் பிழைக் கணக்கு. பின்தொடர்ந்து ஓட்டிப் பாக்கலை." தயாபரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "வீட்டுக்குப் போ வடிவு. ரெண்டு நாள் லீவு எடு. வீட்டுல கோகிலா உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா, ஒருநாள் சாப்பிட வா."

செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு, மேஜையைத் துடைத்து, நாலு வெள்ளைத் தாளை எண்ணி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெறுநர் என்று எழுதினாள். கை அதுபாட்டுக்கு 'மாண்புமிகு ஆணையத் தலைவர் அவர்கள்' என்று எழுதிக்கொண்டு போனது. 'அவர்கள்' முடிந்தபிறகுதான் கவனித்தாள். தன் கையையே யாரோ முன்கூட்டி வாடகைக்கு எடுத்திருந்த மாதிரி இருந்தது. அந்தத் தாளைக் கிழித்தாள்.

ஊருக்குச் சொல்வதென்றால் எப்படி? போனில் சொல்ல முடியாது. சொன்ன ஒரு மணி நேரத்தில் நிழலூர் தெரிந்துகொள்ளும். அந்தப் போன்களைக் கொடுக்கச் சொல்லிப் பரிந்துரை எழுதியவளும் அவள்தான், கிளினிக்குக்குக் கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று. நேரில் போகலாம். போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஐந்து நிமிடம் பேசுவதற்குள் அழுதுவிடுவாள். எஸ்தர் ஓடிவந்து, "மேடம் என்ன செய்வாவ, அவுகளையும்லா ஏமாத்திட்டான்" என்று கண்ணைத் துடைத்துவிடுவாள். அரை மணி நேரத்தில் மன்னித்துவிடுவார்கள். மன்னித்துவிட்டு, பழையபடி பூட்ஸுக்கும் பூட்டுக்கும் சண்டை போடுவார்கள்.

சந்தனமாரியைப் பற்றி எழுதலாமா? எழுதினால் ஊர் அவளை வாரியத்திடம் விலைபோனவள் என்று பேசும். அவளுக்கே தனியாக எழுதினாலும், அடுத்த முறை சாக்கை உதறும்போது அவளுக்கு யோசனை வந்துவிடும். யோசித்து எழுகிற ஆள் எழுந்தால் யாரும் கூட எழமாட்டார்கள். அது போனது போனதுதான்.

பிறகு அவள் தன் நோட்டையே, வேறு யாரோ எழுதிய நோட்டைப் போல, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மத்தியானம் சாப்பிடாமல் படித்தாள். எண்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்தபோது நிறுத்தினாள்.

அது அவள் போய்ச் சேர்ந்த நாலாவது மாதத்தில் நடந்த கூட்டம். உப்பளத்து மோட்டார்கள் களவு போய்க்கொண்டிருந்தன. வெளியூர்த் திருடன் என்று நினைத்து மூன்று முறை போலீசுக்குச் சொன்னார்கள், ஊர் கூடவில்லை. நாலாவது முறை ஆள் பிடிபட்டான். வெளியூர்க்காரன் அல்ல, அவர்களுக்கு வயரிங் செய்து கொடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு உட்கார்ந்து சாப்பிட்ட எலெக்ட்ரீசியன். அன்றைய உட்காரும் படத்தில் மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. ஒன்பது வருடம் அடுத்தடுத்து உட்காராத வேதமுத்துவும் கொம்பையாவும் ஒரே பெஞ்சில், தொடை உரச. சந்தனமாரி அன்று ஊரிலேயே இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கூட்டம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது.

சிப்பிமேட்டை ஒன்றாக உட்கார வைக்க வாரியம் போதாது. வாரியத்துக்கு முகம் இல்லை. தயாபரனும் போதாது, அவர்கள் அவனைப் பார்த்ததே இல்லை. வெறுப்பதற்குத் தெரிந்த முகம் வேண்டும். தங்கள் சோற்றைத் தின்ற முகம் வேண்டும்.

நோட்டை மூடினாள். முகம் கழுவி வந்து புதுத் தாளை எடுத்தாள்.

'சிப்பிமேட்டில் எல்லாருக்கும்,

நான் நோட்டுக்காரம்மா எழுதுகிறேன். இதைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கவும்.

ஒன்று. உங்கள் ஊரில் நாற்பத்தேழு வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்ட வீடுகளில் கேட்டதையும் பார்த்ததையும் ஒன்று விடாமல் எழுதி வாரியத்துக்குக் கொடுத்தேன்.

இரண்டு. உங்களுக்குள் யாருக்கு யாரோடு ஆகாது, உங்கள் கூட்டம் எதனால் முடியும், எதனால் முடியாது என்பதும் அதில் இருந்தது. அதை வைத்துத்தான் உங்கள் இரண்டு கூட்டத்தையும் முடியாமல் செய்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் முடியாது என்று உறுதியாக இருக்கிறார்கள்.

மூன்று. மூன்றாவதும் முடியாவிட்டால் வீடு வீடாக வருவார்கள். எந்த வீட்டுக்கு எதைக் கொடுத்தால் கையெழுத்து விழும் என்பதையும் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான்கு. வேண்டும் என்று எழுதுவதும் வேண்டாம் என்று எழுதுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் எழுதுங்கள். எழுதாமல் எழுந்திருக்காதீர்கள்.'

அதற்குக் கீழே, 'இது எனக்குத் தெரியாமல் நடந்தது' என்று ஐந்தாவதாக ஒரு வரி எழுதினாள். சின்ன வரி. முழுக்க உண்மையான வரி. இந்த ஒரு வரிக்காக நாற்பத்தேழு வீட்டிலும் மறுபடி அவளுக்குச் சோறு போடுவார்கள். எஸ்தர் காப்பி போடுவாள். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தெருவில் காய்கறி வண்டி வந்து, கூவி, போய்விட்டது.

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தால் அடித்த இடம் தெரியும். அதனால் முழுக் கடிதத்தையும் வேறு தாளில் முதலிலிருந்து, நாலாவதோடு நிறுத்தி, நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்தாள். பொய் எதுவும் எழுதவில்லை. ஒரு வரி குறைவு, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டாள்.

தபால் நிலையம் மூட இருபது நிமிடம் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ரெண்டு பேர் பேரு போட்டிருக்கு? வேதமுத்து, கொம்பையா. யார் கையில குடுக்கறது?"

"ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கும்போது குடுக்கணும். ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கணும்."

"ஒருத்தர் வீட்டுல இருந்து இன்னொருத்தர் வெளியே போயிருந்தா?"

"காத்திருக்கச் சொல்லுங்க."

"இதுக ரெண்டும் அண்ணன் தம்பியா?"

"பேச்சுவார்த்தை இல்லாதவங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தபால்காரன் பாவம்மா" என்றார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, கூட்டுப் பதிவுத் தபாலுக்கு ஒரு பழைய விதி இருப்பதைக் கண்டு, அவருக்கே ஆச்சரியமாகி, படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "வியாழக்கிழமை சேரும். அனுப்புநர் பேரை எழுதலையே? சிலர் எழுத மாட்டாங்க, பரவாயில்லை."

"எழுதணும்" என்றாள் சங்கரவடிவு. பேனாவை வாங்கி, பெயரையும் வீட்டு விலாசத்தையும் கதவு எண்ணோடு, தெளிவாக, கொட்டை எழுத்தில் எழுதினாள். உறையின் வாயை மடித்து, பசை தடவி, கட்டைவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இரண்டு முறை அழுத்தினாள். அவர் முத்திரை குத்தி, கடலோர மார்க்கத்துச் சாக்குக்குள் போட்டு, சாக்கின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.